இடது கட்டிலின் மணி

எங்கள் இல்லத்தின் சுவர்க் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பின்தங்கும். காலையில் வந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுவேன். பதினோரு வருடப் பழக்கம். ஆகவே இதில் நான் எழுதும் நேரங்கள் எல்லாம் சரியானவை. அதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

செயலாளர் ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒன்பது வருடம் வேலை பார்த்த ஆயாவை ஏன் வேலையை விட்டு நீக்கினீர்கள், அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார், ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நான்காம் அறையில் நடந்த மரணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. டாக்டர் இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவதும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளரின் மேசை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தாழ்வாரத்தின் நடுவில், பலகைக்குக் கீழே. பலகையில் இருபத்திரண்டு சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒயரில் தொங்கும் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் என் தலைக்கு மேல் விளக்கு எரியும், மணி அடிக்கும். யாராவது போய்ப் பார்த்து, அந்தக் கட்டிலின் பக்கத்தில் இருக்கும் விசையைத் தட்டினால் விளக்கு அணையும். பலகையிலிருந்தும் அணைக்கலாம், ஆனால் அது வழக்கமில்லை. நல்ல ஏற்பாடு. பதினோரு வருடம் அந்த மணிக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தபால் வழியில் உளவியல் படித்துவந்ததும் உங்களுக்குத் தெரியும். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். முதல் வருடம் வெறும் அடிப்படைக் கருத்துகள். கற்றல், நினைவு, ஊக்கம், தற்காப்பு உத்திகள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது கற்றல் பாடம். ஒரு செயலுக்குப் பலன் கிடைத்தால் அந்தச் செயல் வளரும். பலன் நின்றுபோனால் செயல் தேயும், தேய்ந்து தேய்ந்து ஒருநாள் இல்லாமலே போகும். எங்கள் புத்தகம் இதை 'மறைதல்' என்கிறது. யாரையும் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். பலனை நிறுத்தினால் போதும். இவ்வளவு சாந்தமான ஒரு முறையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நான்காம் அறையில் இரண்டு கட்டில்கள். இடது கட்டிலில் இருப்பவர் முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாது. வாய் மட்டும் நன்றாகப் பேசும், ஆனால் மெலிந்த குரல், அறையைத் தாண்டாது. பணியாளர்கள் அவருக்கு 'எக்ஸ்சேஞ்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான்காம் அறை விளக்கு எரிந்தால் போதும்.

"அக்கா, எக்ஸ்சேஞ்சு லைன்ல வந்துடுச்சு."

"ராங் நம்பர்னு சொல்லிட்டு வா."

"நீயே சொல்லு. நான் இப்பத்தான் போய் வந்தேன், கால் வலிக்குது."

சிரிப்பார்கள். நானும் தடுக்கவில்லை. வேலை கடினமானது, சிரிக்க ஏதாவது வேண்டும்.

ஒரு வாரம் கணக்கெடுத்தேன். நோட்டில் மூன்று பத்திகள்: மணி அடித்த நேரம், போனவர் பெயர், நோயாளியின் தேவை. ஒருநாள் சராசரி அறுபத்தொன்று. மற்ற எல்லாக் கட்டில்களும் சேர்ந்தால்கூட அவ்வளவு இல்லை. போனவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டால், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பார். அறுபத்தொன்றில் ஐம்பத்துமூன்று முறை அப்படி. நோட்டில் 'தேவை இல்லை' என்று எழுதினோம். தேவை இல்லாமல் அமுக்கப்படும் மணிக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவருக்கு வேண்டியது ஆள். ஆள் வந்தது, பழக்கம் வளர்ந்தது. பாடத்தில் உள்ளபடியே.

திட்டத்தை ஒரு தாளில் எழுதி மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். இடது கட்டில் மணி அடித்தால் யாரும் போகக்கூடாது. விளக்கை நானே பலகையிலிருந்து அணைத்துவிடுவேன். எட்டு மணி, பன்னிரண்டு மணி, நான்கு மணி, ஏழரை மணி என்று நான்கு சுற்றுகள். அப்போது போய் எல்லாத் தேவையையும் கவனிக்க வேண்டும், அன்பாகப் பேச வேண்டும். அன்பாக என்ற சொல்லை அடிக்கோடிட்டிருந்தேன். அந்தத் தாள் இப்போதும் அலமாரிக்குள் இருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

பணியாளர்களுக்குச் சந்தோஷம். எறும்புக்கு மட்டும் இல்லை.

எறும்பு என்பது நீங்கள் கேட்ட ஆயா. குட்டையான உருவம், ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். எப்போதும் கையில் ஏதாவது துணியோ பாத்திரமோ இருக்கும். தாளை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

புத்தகம் ஓர் எச்சரிக்கை தருகிறது. பலனை நிறுத்தியதும் பழக்கம் உடனே குறையாது. முதலில் வெறிகொண்டது போல ஏறும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுப் போய்விட்டால் எல்லாம் கெட்டது. அப்படியேதான் நடந்தது. முதல் நாள் எழுபது. நான்காம் நாள் எண்பத்தெட்டு. நான் வரைபடத் தாளில் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி வைத்து, பென்சிலால் கோடு இழுத்தேன். கோடு ஏறுவதைப் பார்க்க எனக்குப் பதற்றமாக இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் எட்டாம் நாளில் தொண்ணூற்றுநான்கு வந்தது. அப்போதே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

காரணத்தை ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். எறும்பு போய்க்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, துணி மூட்டையை எடுத்துப்போகிற பாவனையில் சுவரோரமாக நழுவுவாள். ஐந்து முறை மணி அடித்தால் ஒருமுறை, ஆறு முறை அடித்தால் ஒருமுறை என்று. முழுமையாகப் போவதைவிட இது மோசம். எப்போதாவது கிடைக்கும் பலன் பழக்கத்தை இரும்பாக்கிவிடும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

மேசைக்குக் கூப்பிட்டேன். அவள் இடுப்பில் செருப்பு இன்னும் இருந்தது.

"தாளைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன் மேடம்."

"இடது கட்டில் அடிச்சா போகக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. ஆனா இடது கட்டில் அடிக்கிறது இடது கட்டிலுக்கு இல்ல மேடம். வலது கட்டிலுக்கு."

"நோட்டுல அப்படி ஒரு பத்தி இல்ல."

"நோட்டுல இல்லாட்டிப் போகட்டும். கட்டில்ல ஆளு இருக்காங்கல்ல?"

அவள் குரல் ஏறியது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசு என்றேன்.

"மெதுவா எத்தனை நாள் பேசுறது? அவங்களால வாயத் தொறந்து சொல்ல முடியாது, விரலை அசைக்க முடியாது. ஈரத்துல கிடந்தாலும் கிடக்க வேண்டியதுதான். பக்கத்துக் கட்டில்காரம்மா பாத்துட்டு மணி அடிக்கிறாங்க. போய் என்ன வேணும்னு கேட்டா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், அவங்களப் பாருங்கன்னு சொல்றாங்க. அதுல முதல் பாதிய மட்டும் எழுதிட்டு வந்துடறாளுங்க இவளுங்க. நீங்க அத வெச்சுக் கோடு போடுறீங்க."

"வாய அடக்கு."

"அடக்கமாட்டேன். வலது கட்டில்ல கிடக்கிறது யாரு மேடம்? யாரோ எவரோவா? உங்க அம்மா. உங்களப் பெத்தவங்க. வயிறு எரியுது எனக்கு. ஊரு பேரு தெரியாத ஒரு பொம்பளை உங்க அம்மாவுக்காக மணி அடிச்சு அடிச்சுக் கட்டைவிரல் வீங்கிக் கிடக்குது. நீங்க பெத்த பொண்ணு, இருபது அடி தூரத்துல உக்காந்து லைட்ட அணைக்கிறீங்க."

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். என் அம்மாவுக்கு அந்தக் கட்டிலை ஒதுக்கிக் கொடுத்ததே நீங்கள். ஆனால் குறிப்புகளில் நான் எப்போதும் 'வலது கட்டில்' என்றே எழுதிவந்தேன். நிர்வாகத்தில் சொந்தபந்தம் கலக்கக்கூடாது என்பது என் கொள்கை.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அன்றும் கோபப்படவில்லை. சாவியையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். காரணம் என்ற இடத்தில் 'தொடர்ந்து கீழ்ப்படியாமை' என்று எழுதினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, என் முன்னாலேயே நேராக நான்காம் அறைக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கையில் நனைந்த விரிப்பு இருந்தது. அதைச் சலவைக் கூடையில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருடம் நான் அவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பக்கவாதத்தின் முதல் தாக்குதலில் பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவாள். டங், டங், டங். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுவாள். குளிக்கப் போனால் தட்டுவாள். தம்பி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, உன்ன மாதிரி யாராலயும் முடியாதுக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தட்டுவாள். "அம்மா கூப்பிடுறாங்க போல, நீ போக்கா" என்று வைத்துவிடுவான். ஆறு வருடமும் அவன் சொன்னது அந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

இரண்டாம் தாக்குதலில் அந்தக் கையும் போனது. அவளை இங்கே கொண்டுவந்தோம். எட்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. எட்டு மாதமும் நான் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டேன். சுற்று நேரத்தில் போய்ப் பார்ப்பேன், போர்வையைச் சரிசெய்வேன், நெற்றியில் கைவைப்பேன். அம்மாவிடம் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஆபரேட்டர் அம்மாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார். வந்த இரண்டாம் வாரத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாடி, உங்கம்மா ரெண்டு தடவ இமையை மூடினா ஈரம்னு அர்த்தம். ஒருபக்கமாப் பாத்தா தலகாணி சரியில்லன்னு அர்த்தம். நான் கண்டுபிடிச்சிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டவ நான். இது என்ன பிரமாதம்? நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்."

நல்லது என்று சொன்னேன். சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைவு. நாற்பத்தாறு வருடம் மகளாக இருந்தும் நான் படிக்காத இமைகளை ஓர் அந்நியப் பெண் இரண்டு வாரத்தில் படித்துவிட்டார். மறுநாளிலிருந்து என் தலைக்கு மேல் மணி அடிக்கத் தொடங்கியது. எட்டு மாதமாக நின்றிருந்த கரண்டிக்கு அவர் ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆமாம், அந்த ஐம்பத்துமூன்று மணிகள் யாருக்காக என்பது நோட்டு போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பத்திகளை வரைந்தது நான்தான். நான்காவதாக ஒரு பத்தி வரையத் தாளில் இடம் இருந்தது.

தற்காப்பு உத்திகள் பற்றிய தேர்வில் எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது. மனம் தன் கோபத்தை எப்படி வேறொருவர் மேல் ஏற்றும், செய்துவிட்ட ஒன்றுக்கு எப்படி நல்ல காரணம் தேடிக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தருக என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதில்தான் ஒரு மதிப்பெண் போனது.

எறும்பு போன பிறகு கோடு இறங்கியது. எழுபத்தொன்று, நாற்பது, இருபத்திரண்டு, ஒன்பது, மூன்று. பிறகு பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். மூன்றாம் நாளும். அன்று நீங்கள் வந்தபோது வரைபடத்தைக் காட்டினேன். "இவ்வளவு அமைதியா இந்தத் தாழ்வாரத்த நான் பாத்ததே இல்லம்மா, மத்த இல்லத்துக்கும் இத அனுப்பணும்" என்றீர்கள். அந்தச் சுற்றில் நான் நான்காம் அறைக்குப் போனபோது ஆபரேட்டர் அம்மாள் உள்ளங்கைகளைக் குவித்து, கண்ணை மூடி, என் அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனை. மணியை விட்டுவிட்டு வேறிடத்தில் முறையிடத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் எனக்கு இடைஞ்சல் இல்லை.

புத்தகத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. மறைந்துபோன பழக்கம் சில நாள் கழித்து, காரணமில்லாமல், தானாகவே ஒருமுறை தலைகாட்டும். 'தானே மீளல்'. அப்போதும் போகக்கூடாது. போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

நான்காம் நாள், மதியம் மூன்று மணிக்குப் புதிய ஆயா வலது கட்டிலுக்குப் பால் புகட்டினாள். புகட்டியபின் முக்கால் மணி நேரம் தலையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். இரண்டு தலையணைகளை வைத்துவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போனாள். மூன்று பத்துக்கு இடது கட்டிலின் விளக்கு எரிந்தது.

நான் அணைத்தேன். மறுபடி எரிந்தது. நோட்டை எடுத்து 'தானே மீளல்' என்று தலைப்பு எழுதி, கீழே நேரம் குறித்தேன். மூன்று பத்து, மூன்று பதினொன்று, பதினொன்றிலேயே இன்னொன்று. புதிய ஆயா எட்டிப் பார்த்து, "மேடம், போகட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், நீ டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். மூன்று இருபத்தொன்று வரை பதினேழு முறை அடித்தது.

பிறகு மணி நின்றது. நின்றதும் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டினார்கள். டங், டங், டங்.

ஆபரேட்டர் அம்மாள்தான் தட்டினார். அவர் கையில் பால் தம்ளரின் கரண்டி இருந்ததைப் பிறகு பார்த்தேன். என் அம்மாவின் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வழியில்லை. மணி எடுபடவில்லை என்றால் யாராக இருந்தாலும் கைக்குக் கிடைத்ததைத் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

ஆனால் தட்டியபோது அது எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது என் அம்மா. கை திரும்பிவிட்டது, அம்மா என்னைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் திட்டத்துக்காக உட்கார்ந்திருந்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடம் சொல்வது உண்மை. அம்மா கூப்பிடுகிறாள் என்று தெரிந்து, தெரிந்தேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முப்பத்திரண்டு வரை தட்டும் சத்தம் கேட்டது.

நான்கு மணிக்குச் சுற்றுக்குப் போனேன். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. தலையணைகள் இரண்டும் தரையில் கிடந்தன. அம்மாவின் தலை பக்கவாட்டில் சரிந்து, வாயோரம் பால் உலர்ந்திருந்தது. இடது கட்டிலில் அந்த அம்மாள் பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு கையை என் அம்மாவின் கட்டில் பக்கம் நீட்டியபடி கிடந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே மூன்றடி. அவர் விரல் நுனிக்கும் தலையணைக்கும் ஒரு சாண்தான் பாக்கி.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வாம்மா. உக்காரு முதல்ல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எவ்வளவோ போட்டுப் பாத்தேன் கண்ணு. லைன் கிடைக்கல. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன், தனியா விடல. நீ வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன உரிமையில் அவர் என் பெயரில் பொய் சொன்னார்? அம்மா சாகும்போது, நான் வந்துகொண்டிருப்பதாக நம்பிக்கொண்டு செத்திருக்கிறாள். எனக்காக அந்த வார்த்தையைச் சொல்ல இவர் யார்? துக்கத்துக்கு வந்த நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றவளுக்கான கடனைத் தீர்த்துவிட்டீர்கள் என்று ஆறுதல் சொன்னீர்கள். தம்பி தொலைபேசியில் அவனுடைய முதல் வாக்கியத்தைச் சொன்னான். இரண்டாவதற்கு இப்போது வழியில்லை.

இன்றோடு முப்பத்தொன்பது நாள். ஆபரேட்டர் அம்மாள் அதே கட்டிலில்தான் இருக்கிறார். மணியின் ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. அவர் அதைத் தொடுவதே இல்லை. தாகம் எடுத்தாலும் சுற்று வரும்வரை காத்திருக்கிறார். போன வாரம் விரிப்பு முழுக்க நனைந்து நான்கு மணி நேரம் அப்படியே கிடந்தார், அமுக்கவில்லை. எறும்பு தினமும் மாலையில் பார்வையாளர் நேரத்துக்கு வருகிறாள். அவள் யாருக்கும் உறவில்லை, யாரும் அவளை வரச் சொல்லவுமில்லை. தலைவாரிவிடுகிறாள், நகம் வெட்டுகிறாள், பொத்தானை எடுத்து அவர் கையில் வைத்து, "ஒரே ஒரு தடவ அமுக்குங்கம்மா, நான் இங்கயேதான் இருக்கேன், உடனே என்னன்னு கேக்கறேன்" என்கிறாள். அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். நேற்று அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல் கொஞ்ச நேரம் இருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். அமுக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவளைத் திரும்ப வேலைக்கு எடுப்பது உங்கள் விருப்பம். என்னை என்ன செய்வது என்பதும் உங்கள் விருப்பம்தான். நான் எதையும் மறைக்கவில்லை, நோட்டை இணைத்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தைக் கேட்டால், எறும்பு இங்கே வேண்டாம் என்றே சொல்வேன். இன்னும் நான்கு நாள் விட்டால் அந்த அம்மாள் மறுபடி மணியை அமுக்கப் பழகிவிடுவார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பூஜ்யம் கெட்டுப்போகும்.